பிரேடாவுடன் ஏழு வாரம்

ரயிலில் பிரேடாவுக்கு எப்போதும் முன்பக்கம் பார்த்த ஜன்னலோர இடம்தான் வேண்டும். நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். பின்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து போனாலும் எனக்குத் தலை சுற்றாது.

லுப்லியானாவில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஐயா. அவள் கல்யாணம் செய்துகொண்டாள், நீவெஸ் என்று ஒரு மகளைப் பெற்றாள், பிறகு விதவையானாள். நான் தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். தனிக்கட்டை. பிரேடாவுக்கு மறதி நோய் வந்ததும் நீவெஸ் என்னிடம்தான் வந்தாள்.

"ஸ்டென்கா சித்தி, செப்டம்பர்ல அம்மாவ மாரிபோருக்கு என்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு மூணு வாரம், அவங்க ஆசப்பட்ட ஊரெல்லாம் காட்டிட்டு வாங்களேன்."

நல்ல பெண்.

சால்ஸ்பர்க்கில் எங்களுக்கு அவசரமே இல்லை. ஆற்றங்கரையில் நடப்போம். ஒரு கேக் வாங்கி இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வோம். "ஸ்கூல்லயும் நீ இப்படித்தான்டி, பெரிய துண்டு உனக்கு" என்பாள். என் பெயர் வாயில் வராத நாளில்கூட இதை மறக்கவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் இன்ஸ்புரூக்கில் இருந்தோம். பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது. மதியம் ஊருக்கு ரயில். காலை உணவின்போது, "வீட்டுக்குத்தானே போறோம்? நீவெஸ் காத்துட்டிருப்பா" என்றாள்.

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"நீவெஸ் இல்லடி. மார்ச்சுல கார் விபத்துல போயிட்டா. மறந்துட்டியா?"

முன்கூட்டி யோசித்து வைத்த பேச்சு இல்லை. அவள் பதினொரு மணிவரை அழுதாள். அவ்வளவு நேரமும் என் கையை விடவில்லை. யாரும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. மதியம் ஏன் அழுதோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. ஆனால் வீட்டைப் பற்றி அன்று மறுபடி பேசவில்லை. ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது.

அதன்பின் அவள் மகளைக் கேட்ட போதெல்லாம் அதையே சொன்னேன். நீவெஸ் என் எண்ணுக்கு அழைத்தால், "அம்மா தூங்கறாம்மா. இன்னும் ஒரு வாரம் இருக்கணும்ங்கறா" என்பேன். மலை தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புவேன். பிரேடாவின் போனைப் போல்சானோவில் ஆற்றில் போட்டேன்.

கேட்டதால்தான் சொன்னேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பனிச்சிகரங்களைப் பார்த்தபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டு, ஏதோ முனகிப் பாடிக்கொண்டு சந்தோஷமாக இருப்பாள். பக்கத்தில் நான் இருப்பதே தெரியாது. அப்போது, "பிரேடா, நீவெஸ் விஷயம் ஞாபகம் இருக்கா?" என்று நானே ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது முதல் தடவை. உடனே என் கையைத் தேடுவாள்.

ஒரு படத்தில் நாங்கள் தங்கியிருந்த மலை விடுதியின் பெயர்ப்பலகை பதிந்துவிட்டிருக்கிறது. அதை வைத்து ஏழாவது வாரம் நீவெஸ் மலைக்கே வந்துவிட்டாள். மொட்டைமாடியில் "அம்மா" என்று ஓடி வந்தாள். பிரேடா மரியாதையாக எழுந்து நின்றாள்.

"அச்சு அசலா என் பொண்ணு மாதிரியே இருக்கியேம்மா. அவ மார்ச்சுல செத்துப் போயிட்டா. இதோ இவதான், பாவம், அன்னிலேர்ந்து என்னை விட்டு நகராம இருக்கா."

நீவெஸ் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை அவளுக்காக நகர்த்திப் போட்டேன்.

இப்போது பிரேடாவுக்குப் பள்ளிக்கூடம் நினைவில்லை, கணவர் நினைவில்லை, நான் யார் என்பதும் இல்லை. மகள் செத்தது மட்டும் நிற்கிறதாம். நீவெஸ் எதிரில் உட்கார்ந்து "நான்தாம்மா, நான்தாம்மா" என்று மன்றாடுகிறாளாம். பிரேடா திரும்பிக்கொண்டு அழுகிறாளாம்.

அவளைப் பார்க்க என்னை விட மாட்டேன் என்கிறார்கள். சொன்னது நான்தான், எல்லாத் தடவையும் நான்தான், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இந்தத் துக்கத்தில் அவளைத் தேற்றத் தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.