தங்கைக்குச் சொல்லாத பாடம்

தங்கை என்மேல் வைத்திருந்த நம்பிக்கையின் சந்தை விலை, மூன்று மாத ட்யூஷன் ஃபீஸ். அதையும் நான் அவளிடம் வாங்கவில்லை. கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் இலவசமாக வெளியே போன சரக்கு எதுவும் நல்ல சரக்காக இருந்ததில்லை.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். தங்கை நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறினால் போதும். அவள் போய்விட்டால், படுக்கையோடு கிடக்கும் அம்மாவைப் புரட்டிவிடவும் துடைத்துவிடவும் நானும் என் மனைவியும்தான். மனைவி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசின.

அட்ஜெக்டிவையும் அட்வெர்பையும் பிரித்தறிய என் மாணவர்களுக்கு இரண்டு நாள் பாடம். முதல் நாள் சுலப வழி: சொல்லின் வால் 'எல்-ஒய்' என்றிருந்தால் அட்வெர்ப். எல்லோரும் குஷியாக வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அந்தக் குஷியைப் பிடுங்கிவிடுவேன்: வாலைப் பார்க்காதே, அந்தச் சொல் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார். ஆளையோ பொருளையோ பற்றி என்றால் அட்ஜெக்டிவ், செயலைப் பற்றி என்றால் அட்வெர்ப். தங்கைக்கு முதல் நாள் பாடத்தோடு நிறுத்திக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஆனால் அவள் கெட்டிக்காரி. ஒரு மாலை அம்மாவின் கட்டிலோரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, 'ஃபிரெண்ட்லி நர்ஸ்'னு இருக்கு. நர்ஸு எப்படிப்பட்டவன்னுதானே அது சொல்லுது? அப்புறம் எப்படி அட்வெர்ப்?"

யாரும் காட்டாமலே வழியைப் பிடித்துவிட்டாள்.

"நீ ஊசி போடுற ஆளு. ஆராய்ச்சியெல்லாம் உனக்கு எதுக்கு?"

"'ரன்ஸ் ஃபாஸ்ட்'லயும் இடிக்குதே. 'ஃபாஸ்ட்'டுக்கு அந்த வாலே இல்ல, ஆனா ஓடுறதைத்தானே சொல்லுது?"

"பரீட்சை எழுதப்போறது நீயா, உன் சந்தேகமா? வாலைப் பாரு, டிக் அடி, போய்க்கிட்டே இரு."

"சரிங்க வாத்தியாரே," என்று சிரித்தாள். பென்சிலால் சரியாகக் குறித்திருந்த விடைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ரப்பர் தூள் அம்மாமேல் விழாமல் கையால் ஏந்திக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் அந்தப் பகுதியில்தான் சறுக்கினாள். மருத்துவமனை வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டது.

"உன் பேரைக் கெடுத்துட்டேண்ணா," என்றாள். "ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் கரையேத்துற. வீட்டுல இருக்குறது மக்கு."

"விடும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு நன்றாக வரும்.

மறுபடியும் எழுத விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வேறு வாத்தியாரிடம் போகலாமே என்று யாரோ சொன்னதற்குச் சண்டைக்கே போய்விட்டாளாம். வரும் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம், அதே புத்தகத்திலிருந்து.

அம்மா, மனைவி, நான் என்று இந்தப் பக்கம் மூன்று பேருக்கு நிம்மதி. அந்தப் பக்கம் ஒரே ஒருத்தி. எப்படிக் கூட்டினாலும் லாபம்தான் வருகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.