ஈர வராந்தா

ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். ஐப்பசி மழை. இரும்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால்... ஒரு விளக்கு கிடையாது. அறுபத்தொன்பதில் அந்தப் பக்கமெல்லாம் வெறும் பொட்டல். தவளைச் சத்தம். எங்கோ தாம்பரம் பக்கம் ரயில் ஊதும்... அவ்வளவுதான். அந்த வழியாகத்தான் புஷ்பம் தினமும் வேலைக்குப் போவாள். என் சிநேகிதன் தயாளனுடைய சித்தி. இது அவளுக்கு நடந்தது.

ரோட்டுக் கோடியில் ஒரு முதியோர் இல்லம். அங்கே பெண்கள் வார்டுக்கு அவள்தான் ராத்திரி ஆயா. கூட இருந்தவள் நின்றுவிட்டதால் பகல் வேலையிலும் பாதி அவள் தலையில். வாட்ச்மேன் சேட்டுகூடக் கேட்டான்:

"இன்னாம்மா, நடந்துகினே தூங்கறியா?"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கே கக்கூஸ் வராந்தாவின் கோடியில். சிவப்புச் சிமெண்ட் தரை. சாரல் அடித்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்த மழையில்தான் வார்டிலிருந்த ரத்தினபாய் டீச்சர் ராத்திரி தனியாக எழுந்து போய்... விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு வாரம் முனகிக்கொண்டே கிடந்து, இறந்துபோனார். அவர் விழுந்த நேரம் புஷ்பம் அடுத்த வார்டில் ஒரு கிழவிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

சூப்பரின்டென்டென்ட் எட்மண்ட் சாரும் களைத்துப் போயிருந்தார். "இன்னொருத்தர் விழக் கூடாது புஷ்பம். வேற ஆளும் கிடைக்கல. ராத்திரியில எல்லாரையும் கட்டில்ல கட்டிடு."

பழைய புடவைக் கிழிசலால் கட்டினாள். கோடிக் கட்டில் ஞானஜோதி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டாதேம்மா... எனக்கு அவசரம் வந்தா?"

"கூப்பிடுங்கம்மா. ஓடி வரேன்."

சொன்னாளே தவிர, ஸ்டூலில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். விடியும்போது அலறியடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லாக் கட்டும் அவிழ்ந்திருந்தது. ஆனால் யாரும் விழவில்லை. ஒரு படுக்கைகூட நனையவில்லை.

"பாவம், எத்தனை தடவை வந்தே ராத்திரி!" என்றார் ஞானஜோதி அம்மாள். "உன் கைதான் சில்லுனு இருந்துது."

புஷ்பம் அவிழ்ந்த கிழிசல்களைச் சுருட்டி வைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வெளியே சொன்னால் தூக்கம் போய்விடும். எத்தனையோ மாதம் கழித்து அவள் தூங்குகிறாள்...

ஒரு ராத்திரி விழிப்பு வந்தது. சளப்... சளப்... ஈரக் கால் சத்தம். நடுவில் ஒரு காலை இழுக்கிற சத்தம். பினாயில் நெடியோடு மழை மண்ணின் வாசனை. அரிக்கேன் வெளிச்சத்தில் பார்த்தாள். ஞானஜோதி அம்மாள் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். முழங்கையை யாரோ தாங்கிப் பிடித்த மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு. பக்கத்தில்... யாரும் இல்லை. வழுக்குகிற இடம் வந்ததும் நின்றார். யார் பேச்சுக்கோ தலையாட்டினார். அடி அடியாகத் தாண்டினார்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்படியே போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஞானஜோதி அம்மாள் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு என்னைக் கேட்டுக்கு வெளியே கூட்டிட்டுப் போறேன்னியே, மறந்துடாதே."

புஷ்பம் அப்படிச் சொல்லவே இல்லை. அன்று ராத்திரி அந்த அம்மாளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வந்தபோதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நடுச்சாமம். சளப்... சளப்... வந்தது. கட்டிலருகே நின்றது. பிடித்திருந்த கை மெல்ல மேலே எழும்பியது. அந்தப் பக்கமிருந்து யாரோ இழுக்கிறார்கள்.

"வேண்டாம் டீச்சர்!" அழுதுவிட்டாள். "அன்னிக்கு நான் வரல. தப்புதான். இனிமே இவங்களை நானே பாத்துக்கறேன். சத்தியமா. நீங்க போயிடுங்க."

இழுப்பு நின்றது. காலை இழுத்து இழுத்து அந்தச் சத்தம் வராந்தாவைத் தாண்டி, மழையில் கரைந்து போயிற்று.

விடிந்ததும் எட்மண்ட் சாரிடம் போய், "என்னால முடியல சார்" என்று வேலையை விட்டுவிட்டாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். அக்கா என்றால் தயாளனின் அம்மா.

ஒரு மாதம் கழித்து அவள் பெட்டியை எடுத்துவரத் தயாளன் இல்லத்துக்குப் போனான். யாரும் விழவில்லையாம். எல்லோரும் சௌக்கியம்.

"சித்தி நின்னுட்டாங்களே, புது ஆயா எப்படி?" என்று கேட்டான்.

ஞானஜோதி அம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "யாருப்பா நின்னது? புஷ்பம்தான் தினம் ராத்திரி வராளே. நேத்துகூட என்னைக் கூட்டிட்டுப் போனா."

அவன் வீட்டுக்கு வந்து அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். அம்மா உள் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கதவுக்குத் தாழ் போட்டு என் பக்கத்துலதான்டா படுக்கறா. ராத்திரி ஒரு தடவை எழுப்பிப் பாத்தேன். எழுந்திருக்கல. கையைத் தூக்கினேன்..."

"ம்?"

"கனமே இல்லடா."