டீசல் மானியம்

"அரசாங்கம் டீசலுக்கு மானியம் குடுக்காம இருந்திருந்தா எம் புள்ள உசுரோட இருந்திருப்பான்."

இலங்கை மலையகத்தில், வெல்லவாயவிலிருந்து பெரகலைக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மா இப்படிச் சொன்னார். வழியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவருடைய தேயிலைத் தோட்டத்துப் பெண் போல.

"என்னக்கா சொல்றீங்க?"

"டீசல் வெலை ஏறினதும், மூத்தவன் மீன்பிடிக்கப் போன படக மொதலாளி கரையில இழுத்துப் போட்டுட்டாரு. அவன் தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்துட்டான். அப்புறம் மானியம் வந்துருச்சு, படகு எறங்குது, வாடான்னு போன் வந்துச்சு. நாந்தான் சந்தோஷமா சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன்."

"அலையில விழுந்துட்டாருன்னு சொன்னாங்க."

"ஆமா. படகு திரும்பி வந்துச்சு. இவன் வரல."

"இன்னைக்கு மீன்பிடிக் கந்தோர்ல ஆபீசருங்க என்ன சொன்னாங்க?"

"செத்துப்போன மீனவரோட குடும்பத்துக்கு நிவாரணம் இருக்காம். ஆனா இவன் பேரு மீனவன்னு பதிவாகலையாம். தேயிலத் தோட்டத்துப் புள்ள எப்படி மீனவன் ஆவான்னு கேக்குறாங்க."

பஸ் வளைவில் திரும்பியது. அம்மா முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கக்கா. அந்த நிவாரணத்துக்காக எதுக்கு இவ்வளவு தூரம் அலையுறீங்க? சின்னவரு இருக்காருல்ல."

"அவனையும் அதே மொதலாளி கூப்பிட்டாரு. நான் அழுது பாத்தேன். கேக்காமப் போயிட்டான். சின்னவன் பேரையாவது இப்பவே மீனவன்னு பதிஞ்சு வைங்கன்னு கேக்கத்தான் இன்னைக்குப் போனேன்."