இடுப்புக் கனம்

அந்த நாற்காலி வேணாம் தம்பி, இப்பிடி இந்தப் பக்கமா வந்து உக்காரு. முதுகு செவுத்துப் பக்கம், மூஞ்சி வாசப் பக்கம். எனக்குத் தெரியாதா உங்க வழக்கம். வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்தா உனக்குக் காப்பியே எறங்காது. சரி, நீ படியில நின்னே பாதி சொல்லிட்ட. எங்க வீட்டுக்காரரு ஹாய்ட் இனிமே ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குத் துப்பாக்கி கொண்டாரக் கூடாது, உங்க சர்ச்சுக் காவல் குழுவுலேர்ந்தும் நின்னுக்கணும், அத அவருகிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். அதான? முடிவெல்லாம் நீங்களே பண்ணிட்டீங்க, தூது போக மட்டும் இந்த வெர்லீன் வேணும். நல்லாருக்கு. இந்தா, வாழப்பழக் கேக்கு. மொதல்ல இதச் சாப்பிடு.

அவரு வெளியதான் இருக்காரு. சத்தம் கேக்குதுல்ல, புல்லு வெட்டற வண்டி. காலையில வெட்டின புல்லத்தான் திரும்ப வெட்டிட்டிருக்காரு. வெட்டட்டும், யாருக்கு என்ன நஷ்டம்.

போன வாரம் நடந்தது தப்புதான், நான் இல்லேங்கல. சர்ச்சு ஆம்பளைங்க கக்கூசுல காகிதச் சுருள் பெட்டி மேல துப்பாக்கிய வச்சுட்டு, அப்பிடியே எந்திரிச்சு வந்து பாட்டுப் பாடிட்டிருந்தாரு மனுஷன். பின்னால போன யாரோ பாத்து உங்கிட்ட கொண்டாந்து குடுத்திருக்காரு. ஆனா ஒண்ணு கேக்கறேன் ப்ரென்ட், கோவிச்சுக்கக் கூடாது. போன வருஷம் பொருட்காட்சியில உன்னோடத எங்க விட்டுட்டு வந்தே? உம் பொண்டாட்டிதான் சொன்னா. அட, மூஞ்சி ஏன் செவக்குது, நான் யாருகிட்டயும் சொல்லல. உக்காரணும்னா இடுப்புலேர்ந்து எடுத்துத்தான் ஆகணும், எடுத்தா எங்கயாச்சும் வச்சுத்தான் ஆகணும், வச்சா மறந்துதான் போகும். இத்தன தினுசு துப்பாக்கி உறை கண்டுபிடிச்சானுங்களே, மனுஷன்னா கக்கூசுக்குப் போவான்னு ஒருத்தனுக்காச்சும் தோணுச்சா பாரு.

உறைன்னதும் ஞாபகம் வருது. எங்க படுக்கையறை அலமாரியில கீழ் டிராயரு முழுக்க உறைதான். உங்க வீட்லயும் அப்பிடியொண்ணு இருக்கும், எல்லா வீட்லயும் இருக்கு. ஒவ்வொண்ணு வாங்கறப்பவும் இதுதான் கடைசின்னு சத்தியம் பண்ணுவாரு. கணுக்கால்ல கட்டறது ஒண்ணு வாங்கினாரு. அதக் கட்டிட்டு நடந்தா வாத்து மாதிரி இருக்கும், பேரப்புள்ளைங்க பின்னாலயே நடந்து காமிக்கும். அக்குள்ல தொங்கற மாதிரி ஒண்ணு. வேர்வையில அந்தத் தோலு நாறின நாத்தத்துக்கு நானே அதக் கொண்டுபோய்க் கொட்டகையில போட்டேன். அப்பறம் வயித்தச் சுத்திக் கட்டற பட்டை ஒண்ணு வந்துச்சு. நான் கல்யாணத்துக்குப் போறப்ப வயித்த இறுக்கிக் கட்டிக்கறதப் பாத்து நாப்பது வருஷம் சிரிச்ச மனுஷன், அதே சாமானக் கறுப்புக் கலர்ல வாங்கி, போர்வீரன் பட்டைன்னு பேரு சொல்லி மாட்டிக்கிட்டாரு. நான் என்னத்தச் சொல்ல.

கடைசியா நின்னது கால்சட்டைக்கு உள்ளாற சொருகறது. அதுக்காக எல்லாக் கால்சட்டையும் ஒரு அளவு பெருசா வாங்கினோம். இப்ப துப்பாக்கி இருந்தாத்தான் கால்சட்டை நிக்கும், எடுத்துட்டா எறங்கிடும். மேல அந்தப் பை வச்ச கையில்லாத சட்டை வேற, ஆகஸ்டு மாச வெயில்ல. மறைச்சு வச்சிருக்காராம். இந்த அர்க்கன்சா மாநிலத்துல அந்தச் சட்டையப் போட்டுட்டுப் போறவன் இடுப்புல என்ன இருக்குன்னு கைப்புள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கும் கல்யாண நாளுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுத்தாரு, ரோஸ் கலர்ல, அத வைக்கத் தனி அறை தச்ச கைப்பையோட. அந்த அறையில நான் இருமல் மிட்டாய் போட்டு வச்சிருக்கேன். சர்ச்சுல நீ வாங்கித் தின்னியே, அதே மிட்டாய்தான்.

சிரி, சிரி. நீங்க வெள்ளிக்கெழம மீன் கடைக்கு வந்து உக்கார்ற அழக நாங்க பொம்பளைங்க பாத்துச் சிரிக்காத நாளில்ல. அத்தன ஆம்பளைக்கும் வாசலப் பாத்த நாற்காலிதான் வேணும். செவுத்தோரமா வரிசையா, பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்துக்குவீங்க. நாங்கல்லாம் எதிர்ப்பக்கம், வாசலுக்கு முதுகு காட்டி. எவனாச்சும் வந்து சுட்டா மொதல்ல விழறது நாங்கதான். எங்களக் காப்பாத்தறதுக்குத்தான் இம்புட்டு ஏற்பாடும்.

அப்பறம் உங்க காவல் குழு. காதுல வயரு, கையில ரேடியோ. இத்தன வருஷத்துல நீங்க மடக்கிப் புடிச்சது யாரு சொல்லு. வழி தப்பி வந்த வேற சர்ச்சு ஆளு, மெத்தடிஸ்ட் ஒருத்தரு. பாவம், அவரு சித்தப்பா சாவுக்குப் பூ கொண்டாந்தவரு. அப்பறம் சாப்பாட்டு ஹால்ல பூந்த பெருச்சாளி. நீ கைய ஆட்டி ஆட்டி சைகை குடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது எனக்கு.

சரி சரி, பேச்ச மாத்தல. நீ எதுக்கு வந்தேன்னு ஞாபகம் இருக்கு. அவருக்கு மறதின்னு ஊருக்கே தெரியும், டாக்டரு அதுக்கு ஒரு பேரும் வச்சுட்டாரு, நான் அந்தப் பேரச் சொல்றதில்ல. மொதல்ல எனக்குத் தெரிஞ்சது எதுலன்னு நெனைக்கிற? பேரு மறந்ததுலயா? அதெல்லாம் இல்ல. தோட்டாவுல.

அவரு கடைத் தோட்டா வாங்க மாட்டாரு, உனக்குத் தெரியும். சுட்டுப் போட்ட வெறுந் தோட்டாக் கூட்டப் பொறுக்கிட்டு வந்து, பாசிமணி மாதிரி தேச்சு, அடியில பொறி தட்டற புதுக் கேப்பு அடிச்சு, மருந்து அளந்து போட்டு, மேல குண்ட அழுத்தி, எல்லாம் கையாலதான். கேட்டா மிச்சம் புடிக்கறேம்பாரு. மிச்சம் புடிச்சதுல ரெண்டு மடங்கு சுடுவாரு. அந்த மேசைகிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு, மருந்து போடறப்ப யாரும் பேசக் கூடாது. வீடு பத்தி எரிஞ்சாலும் முடிச்சுட்டுத்தான் திரும்புவாரு. ஏன்னா ஒரு வார்த்தை நடுவுல விழுந்தாப் போதும், இந்தக் கூட்டுல போட்டமா இல்லியான்னு சந்தேகம் வந்துரும். நான் பக்கத்துல உக்காந்து குண்ட அழுத்தற பிரஸ்ஸு கைப்பிடிய இழுத்துக் குடுப்பேன். எங்க வீட்ல நாங்க சண்டையில்லாம சேந்து உக்காந்த எடம் அது ஒண்ணுதான்.

அப்பிடிப்பட்ட மனுஷன் அன்னிக்கு மைதானத்துல சுடறாரு, பொத்துனு ஒரு சத்தம். குண்டு பாதிக் கொழாயில நின்னுடுச்சு. மருந்தே போடல. நீயும் இருந்தேல்ல. எல்லாரும் சிரிச்சீங்க, ஹாய்ட் கெழவனாயிட்டான்னு தோள்ல தட்டினீங்க. அவரும் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த பெட்டிய நான் ஒவ்வொண்ணா தராசுல வச்சுப் பாத்தேன். சிலதுல மருந்து இல்ல. அது போகட்டும். ஒண்ணுல ரெண்டு தடவ போட்டிருந்தாரு. அதச் சுட்டிருந்தா துப்பாக்கியோட சேந்து கையும் போயிருக்கும், பக்கத்துல நின்னவன் கண்ணும் போயிருக்கும். அன்னிக்குத்தான் தம்பி நான் அழுதேன். டாக்டரு சொன்னப்பகூட அழல.

துப்பாக்கியப் புடுங்கி வச்சுப் பாக்கலியான்னு கேக்கற. பாக்காம இருப்பேனா. கொட்டகையில இருந்த துப்பாக்கியையெல்லாம் மகன் வந்து டல்சாவுல தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான், அது போனது இவருக்குத் தெரியவே இல்ல. ஆனா இடுப்புல இருக்கற இந்த ஒண்ணு, இத ஒளிச்சு வச்ச அன்னிக்கு வீட்டத் தலைகீழாக்கிட்டாரு. திருட்டுப் போச்சுன்னு ஷெரிஃப் ஆபீசுக்குப் போன். சாயங்காலம் சமையக்கட்டு மூலையில ஒக்காந்து, கறி வெட்டற கத்தியக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டிருந்தாரு. யாரு வருவான்னு கேட்டா தெரியலேங்கறாரு. திருப்பிக் குடுத்தேன். இடுப்புல சொருகிக்கிட்டாரு, சட்டைய இழுத்து விட்டாரு, எனக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு டிவி பாக்கப் போயிட்டாரு. எம் பேரு வராத நாள்லகூட அந்த பெல்ட்டு போடறது மறக்கறதில்ல அவருக்கு. காலையில எந்திரிச்சுத் தான் யாருன்னு தெரிஞ்சுக்க அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் சர்ச்சு வாசல்ல கழட்டி வாங்கிக்கணுங்கற நீ. ஞாயித்துக்கெழம பின் வரிசையில அந்தக் காவல் நாற்காலியில உக்கார்றதுக்காக வாரம் பூராக் காத்திட்டிருக்கற மனுஷன்கிட்ட.

அப்ப தோட்டா யாரு செய்யறாங்கன்னா? நாந்தான். அந்தத் தராசு நாளுக்கப்பறம் மேசை என்னோடது. அவரு மத்தியானம் தூங்கறப்ப செய்வேன், குளிக்கப் போறப்ப மாத்தி வைப்பேன்.

பதறாத. காப்பிய ஊத்திக்கப் போற. எல்லாம் பழைய கூடு, அடியில அடிச்சு முடிஞ்ச பழைய கேப்பு, உள்ள மருந்து ஒண்ணும் கெடையாது, சுட்டாலும் வெடிக்காது, மேல குண்டு மட்டும் புதுசு. நல்லாத் தேச்சுப் பளபளன்னு வச்சிருவேன். மேசையில போட்டு அவரு எண்ணுவாரு, திருப்திப்பட்டுக்குவாரு. கேப்பு நடுவுல ஊசி குத்தின பள்ளம் இருக்கும், ஆனா அவரு கண்ணுக்கு இப்ப அது தெரியறதில்ல. ஏன் ப்ரென்ட், நீ போன வாரம் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து, உள்ளங்கையில வச்சு, கைக்குட்டையில சுத்தித்தான எங்கிட்ட குடுத்தே. நீயும் பாக்கலியா?

சரி விடு, பரவால்ல. உன்னக் குத்திக் காட்டறதுக்கு நான் இதச் சொல்லல. சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன், அவரு மானம் போயிருமேன்னு. நீ வந்து அவர எடுத்து வெளிய வைக்கப் போறேன்ன பெறகு வேற வழியில்ல.

அப்ப அவரால யாருக்கும் ஆபத்தில்லேங்கற. அதத்தான் நானும் சொல்றேன். அவரு துப்பாக்கிக்கு நான் பயப்படல. ஒரு ஞாயித்துக்கெழம யாராச்சும் கதவ டமாருனு சாத்துவாங்க, இல்ல எதாச்சும் கொழந்த பலூன ஒடைக்கும். இவரு மெரண்டு எந்திரிச்சு, சட்டையத் தூக்கி அத உருவிருவாரு. எந்தப் பக்கம் நீட்டுவாரோ தெரியாது, போன மாசம் எங்க வீட்டு ஹால் கண்ணாடியில தெரிஞ்ச கெழவனப் பாத்து நீட்டினாரு. இத்தன வருஷமா நீங்கல்லாம் எதுக்குப் பழகினீங்க? எவனாச்சும் ஒருத்தன் சர்ச்சுக்குள்ள உருவினா எப்பிடிச் சுடறதுன்னுதான. சனிக்கெழம சனிக்கெழம அட்டை மனுஷன நிக்க வச்சு நெஞ்சுல சுட்டுப் பழகறீங்க. அந்த ஒருத்தன் வேற எங்கேர்ந்தும் வரப் போறதில்ல தம்பி. அது எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும்.

அதனால நீ சொல்லச் சொன்னத நான் அவருகிட்டச் சொல்ல மாட்டேன். நீ போயி உன் ஆளுங்க ஒவ்வொருத்தன்கிட்டயும், முன் வரிசையில கைப்பைக்குள்ள வச்சிருக்கற பொம்பளைங்ககிட்டயும், பாதிரியார்கிட்டயும், அவரும் அந்த அங்கிக்குள்ள வச்சிருக்காருன்னு எனக்குத் தெரியும், எல்லார்கிட்டயும் சொல்லு. ஹாய்ட் நீட்டினா கைய மடக்கிட்டு நில்லுங்கன்னு. அவரோடதுல ஒண்ணுமில்ல. உங்களோடதுல எல்லாம் மருந்து இருக்கு. அத நீங்க யாரும் மறக்காம இருந்தாப் போதும்.