பட்டியலில் பதினான்காவது

மாட்டுக் கொத்துக்கறி முழுதாய்க் காய ஒன்பது மணி நேரம் ஆகும். கொழுப்பில்லாத கறியாக வாங்க வேண்டும். கொழுப்பு இருந்தால் மலையில் மூன்றாம் நாளே நாறிவிடும். இதெல்லாம் எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித்தந்ததல்ல. என் அம்மா இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக எலும்பு பிரிக்கிறவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். மே மாத விழாவுக்கு அம்மா இப்போதே தொப்பி வாங்கி வைத்திருக்கிறாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். நான் யார் என்று கேட்டீர்களே.

ராஸலின் பெர்ன்லி என்னோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தாள். அவள் அப்பா டாக்டர். மெரிக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்குவது என்று போன குளிர்காலத்திலேயே பேசிவைத்திருந்தோம். நாலு நாள், இரண்டே பேர். ஏப்ரல் கடைசியில், குளிர்காலம் தொடங்குமுன், ஆறு வற்றியிருக்கும்போது, மான்கள் உறுமும் பருவத்தில். பேச்சு இரண்டு பேருடையது, வேலை என்னுடையது. வரைபடத்தில் ஒவ்வொரு மேட்டையும் எண்ணினேன். இருட்டு எத்தனை மணிக்கு விழும், எந்த இடத்தில் காலை உறைபனி விலகாது, எங்கே ஆற்றைக் கடக்கலாம், எங்கே கூடாது என்று எல்லாம் எழுதினேன். எடுத்துப்போக வேண்டிய பொருள்களை எண் போட்டுப் பட்டியல் எழுதினேன். சாப்பாட்டை நாள்வாரியாகப் பை போட்டேன். வெள்ளம் வந்து தங்க நேர்ந்தால் என்று ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக வைத்தேன். சுமை குறையட்டும் என்று பல்துலக்கியின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டினேன்.

கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால் ராஸ் சமையலறைக்கு வந்து என் தோளில் கைபோட்டாள்.

"டெல், கோச்சுக்காதடி. ஃபின்லேக்கு அந்த வாரம்தான் லீவு கெடச்சிருக்கு. டென்ட்ல ரெண்டு பேருக்குத்தான் எடம், நீயேதான அளந்து சொன்ன. நீ ஊர்ல இருந்து பாத்துக்கோ. நீ இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

ஃபின்லே அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன். நான் சரி என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான், யாராவது எதையாவது எடுத்துக்கொண்டால் சரி என்றுதான் சொல்வோம். அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் ஃபின்லே அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பாவம், இத்தனை செய்திருக்கிறாளே, வருத்தப்பட மாட்டாளா என்று கேட்டான். நல்ல பையன்தான். ராஸ் சிரித்தாள்.

"டெல்லுக்கா? அவளுக்கு இதெல்லாம் வேலை மாதிரிப்பா. செஞ்சாத்தான் தூக்கம் வரும். நமக்குத்தான் லீவு."

நான் அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போதும் அவள் எந்தச் சொல்லில் மூச்சு விட்டாள் என்றுகூடச் சொல்ல முடியும்.

இந்த நாட்டில் மலைக்குப் போகிறவர்கள் ஊரில் ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்த வழி, எந்த இரவு எங்கே, எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த ஒருவர் கூப்பிடும்வரை யாரும் தேடிப்போவதில்லை. ராஸ் விட்டுப்போன தாளும் என் கையெழுத்துதான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணி.

ஞாயிறு ஆறு மணிக்கு நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். தகவல் வரவில்லை. காலையில் கொஞ்சம் மழை. ஆறு பெருகினால் கரையிலேயே தங்குங்கள் என்று நான்தான் எழுதியிருந்தேன். தங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். நியாயமான நினைப்புதானே. ஆற்றின் மட்டத்தை இணையத்தில் மணிக்கு மணி போடுவார்கள். நான் பதினோரு தடவை பார்த்ததாக உங்கள் ஆட்கள் என் கணினியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆமாம், பார்த்தேன். மெரிக் ஒரு விரல்கூட ஏறவில்லை.

திங்கள் சாயங்காலம் ராஸின் அம்மா மிஸஸ் பெர்ன்லி போன் செய்தார். ஞாயிறே வந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். புதன்தான் கடைசி நாள், கவலைப்படாதீர்கள் என்றேன்.

"நீ இருக்கியேன்னுதாம்மா நான் நிம்மதியா இருக்கேன்," என்றார்.

போனை வைத்துவிட்டுப் பழைய தாளைக் கிழித்தேன். அதே பேனாவால் புதன் மாலை ஆறு என்று வேறொன்று எழுதி ஒட்டினேன். நூலகத்துக்குப் போனேன். படங்களோடு ஒரு பழைய புத்தகம் படித்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக யாருக்காகவும் எதையும் எடுத்துவைக்கவில்லை, நினைவுபடுத்தவில்லை, கழுவவில்லை. அவள் சொன்ன லீவு இப்படித்தான் இருக்கும்போல.

புதன் ஆறு மணிக்கு உங்களைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் தவறவில்லை.

ஃபின்லேயின் சட்டைப்பையில் பழைய தாளின் நகல் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அதில் ஞாயிறு என்று இருந்தது. திட்டத்தில் நான் செய்த ஒரே கவனக்குறைவு அதுதான்.

அவன் சொன்னதை நீங்கள் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினீர்கள். சனிக்கிழமை கணவாய்க்குக் கீழே உறைபனி பிடித்த புல்லில் ராஸ் வழுக்கி விழுந்து தொடையெலும்பு உடைந்தது. இரண்டே பேர் என்றால் பிரியாதீர்கள் என்று தாளில் இருந்ததால் அவன் அவளை விட்டுப் போகவில்லை. கொத்துக்கறியைச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறான். திங்கள் முழுக்க ராஸ் வானத்தையே பார்த்துக்கொண்டு இதையே சொல்லியிருக்கிறாள்.

"டெல் கூப்ட்ருப்பா. அவ நிமிஷம் தவற மாட்டா."

மூன்று வருடத்தில் என் முகத்துக்கு நேரே அவள் இப்படி ஒன்று சொன்னதில்லை. செவ்வாய் மத்தியானம்வரை உயிர் இருந்தது என்கிறார் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். ஞாயிறே கூப்பிட்டிருந்தால் திங்கள் காலை ஹெலிகாப்டர் போயிருக்கும். எனக்குக் கணக்குத் தெரியும். நான் பட்டம் வாங்கப்போகிறவள்.

பட்டியலில் பதினான்காவது பொருளைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அவசர பீக்கன். பொத்தானை அழுத்தினால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி. ஃபின்லே இரண்டு பைகளையும் கவிழ்த்துத் தேடியிருக்கிறான். பட்டியலில் அதற்கு எதிரே டிக் இருந்தது, நான் போட்ட டிக். கருவி என் மேசையின் கீழ் இழுப்பறையில், காலுறைகளுக்கு அடியில் இருக்கிறது. வியாழக்கிழமை காலை, கிளம்புகிற நேரத்தில், ராஸ் அந்தப் பாதிப் பல்துலக்கியால் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் பையின் மேல்மூடியிலிருந்து எடுத்தேன். அது என்னுடையது. கோடை முழுக்கத் தொழிற்சாலையில் அம்மாவோடு அதே வரிசையில் நின்று, கத்தி பிடித்து வாங்கியது. வழி என்னுடையது, சாப்பாடு என்னுடையது, எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்றையாவது எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தெரியாமலே போய்விட்டாள். கடைசிவரை நான் கூப்பிட்டுவிட்டதாகவே நம்பியிருக்கிறாள். அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றபடி திட்டத்தைப் பாருங்கள். ஃபின்லே பிழைத்தது நான் வைத்த கூடுதல் சாப்பாட்டால். அந்தத் தாளில் நீங்கள் ஒரு குறை காட்ட முடியாது.