கடைசி சீட்டில் கேட்கும் கிட்டார்

மாதனூரில் ஏறிய அந்தப் பெண், முன்னால் இடம் இருந்தும் ஷூ கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கே வந்தாள். எனக்கு நேர் பின்னால். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்னொருத்தியும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, இங்க தூக்கித் தூக்கிப் போடுதே. முன்னாடி போலாம்ல?"

"முன்னாடி உக்காந்தா எங்க வீட்டுக்காரரு காதுல விழ மாட்டாரு. பெரிய ஸ்பீக்கரு இந்த சீட்டுக்கு அடியிலதான் இருக்கு."

ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பாட்டுக் கேசட் மட்டும் ஓடியது.

"அண்ணன் பாடுறாரா?"

"பேஸ் கிட்டாரு. மெட்ராஸ்ல எந்த ஸ்டுடியோ கூப்ட்டாலும் போய் வாசிச்சிக் குடுப்பாரு. சீட்டுல கைய வச்சிப் பாரு. தும் தும்னு அதிருதே, அதான் அவரு."

"ஆமாக்கா! அட்டையில பேரு போடுவாங்களா?"

"பாடுறவங்க பேருதான் போடுவாங்க. இப்ப கிறிஸ்மஸ் கேசட் ஒண்ணு இவரே தயாரிச்சிருக்காரு. இதுல பேரு இருக்கு, பெருசா."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கேசட் கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமியின் குரல் வந்தது. புதியவள் மறுபடி கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் அதிரலியேக்கா."

"அந்தப் பொண்ணுக்கு சின்னக் குரலு. கிட்டாரு அத அமுக்குதுன்னு, தன்னோடதையே கம்மி பண்ணிட்டாராம்."

"அப்போ வா, முன்னாடி போயிடலாம்."

"இரு. கம்மிதானே பண்ணாரு, எடுத்துடலியே."

அவள் தன் கையைச் சீட்டில் வைத்தாள். கேட் திறக்கும்வரை எடுக்கவில்லை.