சுஜனின் மூன்று கடைவாய்ப் பற்கள்

மியாக்தி மாவட்டக் காவல் அலுவலகத்தில், சாவன் மாதம் இருபத்தெட்டாம் தேதி பகலில், விசாரணை அதிகாரி கேட்க, இறந்துபோன சுஜன் புன்னின் தாயார் சொல்லி எழுதிய வாக்குமூலம்.

என் பெயர் தன்குமாரி புன். வயது நாற்பத்தொன்று இருக்கும். கணவர் பெயர் யாம் பகதூர் புன். சிம்கானி கிராமம், மேல் வார்டில் குடியிருக்கிறேன். விவசாயம் செய்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனேன். என் கணவர் அவர்கள் வீட்டில் இரண்டாவது பிள்ளை என்பதால் ஊரில் என்னை மைலி என்றே கூப்பிடுவார்கள். என் கணவர் மலேசியாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருக்கிறார். மகன் இறந்ததற்கு அவரால் வர முடியவில்லை. எங்களுக்கு சுஜன் ஒரே பிள்ளை. வயது பதினெட்டு. இந்த வருடம்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான்.

இந்த வழக்கில் புகார் கொடுத்திருக்கும் தேஜ் பகதூர் புன் என் கணவருக்கு அண்ணன், எனக்கு மூத்தார். ஆங்கிலேயப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே பட்டாளத்தில் இருந்தவர்கள். மூத்தாருக்கு இரண்டும் பெண்கள், கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறார்கள். மனைவியும் இல்லை. அதனால் என் மகனைத் தன் மகனாகவே நினைத்து வளர்த்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். புகாரில் எழுதியிருப்பதை அவர் உண்மை என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊரில் ஆண் பிள்ளை பிறந்தால் லாஹுரே பிறந்தான் என்று சொல்வது வழக்கம். வெளிநாட்டுப் பட்டாளத்துக்காரனுக்கு அந்தப் பெயர். சுஜன் பிறந்ததிலிருந்து அவன் உடம்பை அதற்காகவே பார்த்துக்கொண்டோம். காது குத்தவில்லை. தழும்பு விழக்கூடாது என்று அரிவாளைத் தொட விடவில்லை. பல் சொத்தையானால் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் இனிப்பு கொடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் மற்றப் பிள்ளைகள் ஜிலேபி தின்னும்போது அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு தசைன் பண்டிகைக்கும் மூத்தார் அவன் நெற்றியில் திலகம் வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு, எல்லோர் முன்னிலும் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். "இது பல்லா, வெள்ளைக் கூழாங்கல்லா? மைலி, நீ பெத்தது புள்ளைய இல்ல, ஒரு பல் வரிசைய" என்று சிரிப்பார். பிள்ளையும் சிரிப்பான். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பட்டாளத் தேர்வில் மணல் கூடை சுமந்து ஓடும் ஓட்டத்தில் முதலாவதாக வந்தும், கடைவாய்ப் பற்கள் போயிருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டான் என்ற கதையையும் அவர்தான் அடிக்கடி சொல்வார். மூன்று பல் இல்லை என்றால் அவ்வளவுதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, போன வருடம் எங்கள் ஊருக்குக் கீழே ஆற்றின் மேல் தொங்குபாலம் கட்ட வந்தார்கள். வேலையைப் பார்க்க வந்த ஓவர்சியர் சின்ன வயசுப் பெண். பள்ளிக்கூட அறையில் தங்கியிருந்தாள். என் மகன் பள்ளி விட்டதும் அங்கே போய் அவளுக்கு அளவு நாடா பிடித்துக் கொடுப்பான். வீட்டுக்கு வந்து, பாலத்தில் எத்தனை பேர் ஏறினால் கம்பி எவ்வளவு தாழும் என்று சாப்பாட்டுத் தட்டில் பருப்பைக் கோடாக இழுத்துக் காட்டுவான். எனக்குப் புரியாது. ஆனால் அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவள் சொல்லி ஓவர்சியர் படிப்புக்கு நுழைவுப் பரீட்சை எழுதினான், இடமும் கிடைத்தது. சேர வேண்டியது இந்த சாவன் மாதத்தில். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதும் இதே மாதத்தில்.

அவன் என்னிடம் கேட்டான். நான் பெரியப்பாவைக் கேள் என்றேன். பெரியப்பாவைக் கேட்டான். மூத்தார் கோபப்படவில்லை. "அந்த ஓவர்சியர் பொண்ணப் பாத்து மயங்கிட்டான்டா பய" என்று தோளில் தட்டினார். "பொண்ணப் பாத்து இல்ல பெரியப்பா, கம்பியப் பாத்து" என்றான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கம்பி கட்டுறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? முதல்ல போ, லாஹுரே ஆகு. பென்ஷனோட வா. அப்புறம் உனக்குப் பிடிச்ச ஆத்துல எல்லாம் பாலம் போடு, நானே வந்து நாடா பிடிக்கிறேன்" என்றார். அதன் பிறகு சனிக்கிழமை என் கணவர் போன் செய்தபோது அவரிடமும் கேட்டான். என் கணவர் இளவயதில் மூன்று தடவை பட்டாளத்துக்குப் போய், மாரளவு ஒரு அங்குலம் குறைந்து திரும்பியவர். "ஒரு அங்குலம்டா சுஜன். அந்த ஒரு அங்குலம் இல்லாமத்தான் நான் இந்தக் கேட்டுல நிக்கிறேன். உனக்கு எல்லாம் சரியா இருக்குடா. எனக்காக ஒரே ஒரு தடவ ஓடிடு" என்றார். போனில் அழுகிற சத்தம் கேட்டது. சுஜன் சரி அப்பா என்றான். அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றி அவன் பேசவில்லை. அவன் அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை.

அதன் பிறகு மூத்தார் அவனைத் தினமும் காலையில் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். முதுகுக் கூடையில் ஆற்று மணலை நிரப்பி, நெற்றிப் பட்டையில் மாட்டிக்கொண்டு, மலைப் பாதையில் ஏறி ஓட வேண்டும். மூத்தார் கைக்கடிகாரத்தோடு மேலே நிற்பார். என் மகன் வேகமாகவே ஓடினான். ஒரு நாளும் சோம்பியதில்லை. வழியில் நாற்று நடுகிற பெண்கள், "ஏ லாஹுரே, போகும்போது எங்க புள்ளைங்களையும் கூடைல போட்டுட்டுப் போ" என்று கேலி செய்வார்கள். ஒரு நாள் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தவன், "அம்மா, மூணு பல்லு இல்லேன்னா எடுக்க மாட்டாங்களாமே, நிஜமா?" என்று கேட்டான். "உனக்கென்னடா கவலை, உன் பல்லுக்குக் கல்லையே கடிக்கலாம்" என்றேன். அந்த வாரத்தில்தான் வேலிக் கம்பி முறுக்கும் குறடு காணாமல் போனது. எருமை வேலியைத் தாண்டுகிறது, குறடு எங்கே என்று நான் தேடினேன். அவனும் என்னோடு சேர்ந்து தேடினான்.

அதன் பிறகு ஒரு நாள், பஜாரில் வேலை இருக்கிறது என்று போனவன், மாலையில் ஒரு பொட்டலம் ஜிலேபி வாங்கி வந்தான். எனக்கு ஊட்டிவிட்டான். தானும் ஒரு பக்கமாக மெதுவாக மென்றான். நான் பதறி, "பல்லுடா பல்லு!" என்று கையைத் தட்டினேன். "இனிமே பல்லப் பத்திக் கவலையே இல்லம்மா" என்று சிரித்தான். கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டதற்குத் தேனீ கொட்டியது என்றான். அடுத்த நாளும் கூடையோடு ஓடினான். அதற்கடுத்த நாள் நான் கேழ்வரகு நாற்று நட்டுவிட்டு வந்தபோது கழுத்து வரை வீங்கிக் கிடந்தான். உடம்பு கொதித்தது. வாயைத் திறக்கச் சொன்னேன், திறக்க முடியவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

மூத்தாரைக் கூப்பிட்டேன். மழையில் பாதை சரிந்து ஜீப் மேலே வரவில்லை. மூத்தார் ஓட்டத்துக்கு வைத்திருந்த அதே கூடையை எடுத்து மணலை முற்றத்தில் கொட்டினார். கால் தொங்குவதற்காக அரிவாளால் அதன் ஒரு பக்கத்தை வெட்டினார். பிள்ளையை உட்கார வைத்துப் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஊர்ப் பையன்கள் மாற்றித் தூக்குகிறோம் என்று வந்தார்கள், அவர் கொடுக்கவில்லை. அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. "மூச்ச விட்டுடாதடா, ஏத்தத்துலயே ஓடினவன்டா நீ, இது இறக்கம்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். கூடையில் உட்கார்ந்தவன் முகம் பின்பக்கம் பார்த்திருக்கும். நான் பின்னால் போனேன். அதனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவனால் பேச முடியவில்லை. ஒரு இடத்தில் கட்டைவிரலால் பெரியப்பாவைக் காட்டி, தன் மார்பைத் தொட்டு, மேலும் கீழும் அசைத்தான். பெரியப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, இறக்கிவிடச் சொல் என்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை. தொங்குபாலத்தைத் தாண்டும்போது கண்ணைத் திறந்து கம்பியைப் பார்த்தான். ஜீப் ஏறி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது உயிர் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கீழ்த்தாடையில் மூன்று பற்கள் புதிதாகப் பிடுங்கப்பட்டிருக்கின்றன, அந்தப் புண் சீழ் பிடித்துத் தொண்டையை அடைத்துவிட்டது என்றார். அதுவரை எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

அதன் பிறகு, எரியூட்டிய மூன்றாம் நாள், பஜாரில் பல் பிடுங்கும் இந்திர லால் பரியார் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். மழையில் முற்றத்திலேயே நின்றார். அவர் என்னிடம் சொன்னது இது. சுஜன் முதலில் வந்து நல்ல பற்களைப் பிடுங்கச் சொன்னபோது, "உனக்குப் பைத்தியமாடா? ஊரே இந்தப் பல்லுக்குக் கண்ணேறு கழிக்குது" என்று விரட்டிவிட்டாராம். மறுபடியும் வந்தபோதும் விரட்டினாராம். மூன்றாவது தடவை வாய் முழுக்க ரத்தத்தோடு வந்தானாம், ஒரு பல் பாதி உடைந்து ஆடிக்கொண்டிருந்ததாம். "மெதுவா ஓடினா பெரியப்பா கண்டுபிடிச்சிடுவார் அண்ணே. அடுத்த வருஷமும் ஓடச் சொல்வார். பல்லு போச்சுன்னா யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்ல. கல்லுல விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க எடுக்கலேன்னா மீதியையும் நானே எடுத்துக்குவேன்" என்றானாம். அதன் பிறகுதான் எடுத்தேன் என்று சொல்லி அழுதார். மூத்தார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இங்கே வந்தார். இந்திர லாலின் தம்பி மகன் பட்டாளத்தில் எடுக்கப்படவில்லை, அந்தப் பொறாமையில் எங்கள் பிள்ளையை ஏமாற்றி அழைத்துப் பற்களைப் பிடுங்கிக் கெடுத்தான் என்று புகார் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்திர லால் இங்கே லாக்கப்பில் இருக்கிறார்.

கேள்விக்குப் பதில்: எனக்கு இப்போது காட்டப்பட்ட மூன்று பற்களும் குறடும் நான் கொண்டுவந்து கொடுத்தவைதான். காரியம் முடிந்து மகனின் துணிகளை எடுத்து வைக்கும்போது பள்ளிக்கூட ஷூவுக்குள் பஞ்சில் சுற்றிய பற்கள் இருந்தன. காணாமல் போன குறடும் அங்கே இருந்தது. அதன் வாயில் துணி சுற்றி, துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. பற்களில் ஒன்று உடைந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் ஒரு புள்ளி கறுப்புகூட இல்லை.

கேள்விக்குப் பதில்: இந்திர லால் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் படித்த டாக்டர் இல்லை. கருவியைக் கொதிக்க வைத்தாரா, மருந்து கொடுத்தாரா, ரத்தத்தோடு வந்த பிள்ளையை ஏன் வீட்டில் கொண்டுவந்து விடவில்லை என்பதை நீங்கள் விசாரிக்க வேண்டும். அதற்கு என்ன தண்டனையோ அது சட்டத்துக்குத் தெரியும். ஆனால் அவர் என் மகனை அழைக்கவில்லை, ஏமாற்றவில்லை. என் மகன்தான் போனான்.

கேள்விக்குப் பதில்: இப்படிச் சொல்ல வேண்டாம் என்று உறவுக்காரர்கள் என்னிடம் சொன்னது உண்மைதான். லாஹுரே வீட்டுப் பிள்ளை தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டான் என்றால் வெளியில் தலை காட்ட முடியாது, செத்தவனுக்கும் அவமானம் என்றார்கள். என் கணவர் போனில், "மைலி, அண்ணன் சொல்றபடியே சொல்லிடு" என்றார். மூத்தார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை நான் கிளம்பும்போது அவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று கொட்டிய மணல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. "என்ன சொல்லப் போற?" என்று கேட்டார். "நடந்ததைத்தான்" என்றேன். "அவன் எங்கிட்ட ஒரு வார்த்த அழுது கேட்டிருந்தா நான் விட்டிருப்பேன் மைலி" என்றார். விட்டிருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் யாரையும் அழவிடாமல் முடிக்கத்தான் பிள்ளை இப்படிச் செய்தான்.

எங்களில் யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எல்லோரும் ஆசையாகத்தான் சொன்னோம். அவன் என்ன சாப்பிடுவது, எதைத் தொடுவது, எப்போது எழுந்து ஓடுவது என்று பிறந்ததிலிருந்து நாங்கள்தான் முடிவு செய்தோம். அவனாக முடிவு செய்தது இது ஒன்றுதான். அதையும் பிடுங்கி வேறொருவர் பேரில் எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வேண்டுகோளும் எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கு முடிந்ததும் குறடு எனக்கு வேண்டாம். பற்கள் மூன்றையும் திருப்பித் தர வேண்டும். சின்ன வயதில் அவனுக்குப் பால் பல் விழும்போதெல்லாம், அடுத்தது நன்றாக முளைக்க வேண்டும் என்று நான்தான் எலி வளையில் போடுவேன். இவற்றை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் என்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'பட்டாளத்துக்குப் பயந்து' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன், அடித்துவிட்டார். மீதி எல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கிறது. என் பெயரை எழுத எனக்குத் தெரியும், எழுதி ரேகையும் வைக்கிறேன்.

தன்குமாரி புன்
வலது கட்டைவிரல் ரேகை. இடது கட்டைவிரல் ரேகை.